பேட்டை இல்லாத ஊர்

சென்னையின் தெற்கே, தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் அஸ்தினாபுரத்தில் சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுகிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். செங்கல்பட்டுப் பக்கம் எம்-சாண்ட் ஏற்றி, மேடவாக்கத்தில் ஒரு கட்டட வேலைக்குக் கொட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்குக் காலி வண்டியோடு ஊருக்குள் நுழைகிறார். விடிகாலை மூன்றரைக்கு அடுத்த நடை. நடுவில் கிடைப்பது நாலரை மணி நேரம். அவர் படுக்க வீடு இருக்கிறது. வண்டியை விடத்தான் இடம் இல்லை.

லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அடிக்கணக்கில் எட்டரை. மனை பிரித்து விற்றபோது போட்ட உள்தெருக்களில் இந்த எட்டரை அடி நின்றுவிட்டால், எதிர்ப்பக்கம் நிற்கும் காரையும் வாசலோரத்து ஸ்கூட்டர்களையும் கழித்துப் பார்க்கும்போது, ஆம்புலன்ஸ் நுழைய வழியிருக்காது. ஆகவே வண்டி ராஜேந்திர பிரசாத் சாலை போன்ற ஒரு பெரிய சாலையின் ஓரத்துக்குப் போகும். இல்லையென்றால் வீடு கட்டாத காலி மனைக்கு, ஏரிக்கரைக்கு, அல்லது தண்டவாளத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலைக்கு. 'பிரதான சாலையிலோ வேகப் போக்குவரத்து உள்ள சாலையிலோ வண்டியை நிறுத்தாதே' என்பது 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகளிலேயே இருந்த கட்டளை. அகலமான சாலையை விதி அடைக்கிறது, குறுகலான தெருவை அளவு அடைக்கிறது. மிச்சமிருக்கும் காலி மனையிலும் நாளைக்கே யாராவது வானம் தோண்டலாம்.

இந்தக் கட்டுரை அந்த நாலரை மணி நேரத்தைப் பற்றியது. சாலையோரம் நிற்கும் லாரி சட்டத்தின் கண்ணில் என்ன, அதை இழுத்துப்போக யாருக்கு அதிகாரம், அதனால் சாகிறவர்கள் யார், அது நிற்க இடம் காட்ட வேண்டியவர்கள் யார் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனபோது, கடைசிக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது என்று எனக்குப் பட்டது.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென்று சில பிரிவுகள் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. 122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாமல் வண்டி நிற்பதானால் எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டு, அது தானாக உருளாதபடி செய்திருக்க வேண்டும் என்பது 126. வண்டியை இழுத்துப்போகும் அதிகாரம் 127-இல் இருக்கிறது. பொது இடத்தில் கேட்பாரற்று 10 மணி நேரமோ அதற்கு மேலோ கிடந்த வண்டியை, அல்லது நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டியை, அகற்றவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் இருக்கும், அந்த எல்லைக்குரிய காவல் அதிகாரி அனுமதிக்கலாம். போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்கிற வண்டி என்றால் 10 மணி நேரக் கணக்கே கிடையாது, உடனே அகற்றலாம். இழுக்கும் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில். அபராதம் அதற்கு மேல் தனி.

இங்கே ஓட்டுநர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அனுமதி தருகிறவர் சீருடை அணிந்த காவல் அதிகாரியாக இருக்க வேண்டும். இழுவை வண்டியில் வருகிற தனியார் ஆட்களுக்குத் தாங்களாகவே முடிவெடுத்துக் கொக்கி மாட்டும் உரிமையைச் சட்டம் தரவில்லை. எந்த அதிகாரி, எந்தப் பிரிவு, எந்த இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டு ரசீது வாங்குவது வண்டிக்காரரின் நியாயம்.

அபராதத் தொகைகளைப் பார்த்தால் சட்டத்தின் மனம் எப்படி மாறிவந்திருக்கிறது என்பது தெரியும். பொதுத் தண்டனைப் பிரிவான 177-இல் முன்பு 100 ரூபாய் இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 500, மறுபடி மாட்டினால் 1,500. போக்குவரத்துக்குத் தடையாக நிற்கும் வண்டிக்கான 201-ஆம் பிரிவில், பழுதான வண்டிக்கு மணிக்கு 50 ரூபாய் என்றிருந்ததை 500 ரூபாய் என்று மாற்றினார்கள். 'பழுதான' என்ற சொல்லும் போயிற்று. நல்ல வண்டி நின்றாலும் குற்றம்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பொதுவழியை மறிப்பதற்கு 200 ரூபாய் வரை என்றிருந்த அபராதம், 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை என்றாகிவிட்டது.

ஆக, தடுக்கிற கை வலுவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதே சட்டத்தில் இந்தப் பிரிவுகளுக்குச் சற்று முன்னால் 117 என்றொரு பிரிவு இருக்கிறது. மோட்டார் வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு இடம் குறிக்கலாம் என்பது அதன் சாரம். 2019 திருத்தம் அதிலும் கைவைத்தது. இடம் குறிக்கும்போது சாலையில் போகிறவர்களின் பாதுகாப்புக்கும் தடையற்ற போக்குவரத்துக்கும் முதலிடம் தர வேண்டும் என்றும், தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் இடம் குறிக்கலாம் என்றும் சேர்த்தார்கள். ஆனாலும் அடிப்படை வினை 'குறிக்கலாம்' என்றே நின்றுவிட்டது. குறித்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. நான் இந்தப் பிரச்சினையின் வேர் என்று நினைப்பது இந்த ஒரு 'லாம்'.

சரி, லாரியை உண்மையில் இழுத்துப்போகிறார்களா? சென்னையில் 'வண்டியைத் தூக்கிட்டாங்க' என்று சொன்னால் அது பெரும்பாலும் ஸ்கூட்டரோ பைக்கோதான். நாலு பேர் சேர்ந்தால் மீட்பு வண்டியின் தட்டில் ஏற்றிவிடலாம். காருக்கு முன்சக்கரத்தைத் தூக்கும் இழுவை வண்டி போதும். லாரி வேறு சங்கதி. இன்றைய லாரிகளில் நிறுத்தும் பிரேக் ஸ்பிரிங்கால் இறுகி நிற்பது. காற்றழுத்தம் இருந்தால்தான் அது விடும். எஞ்சின் ஓடாமல் தொட்டியில் காற்று இறங்கிப் போயிருந்தால் பின்சக்கரங்கள் பாறை மாதிரி பிடித்துக்கொள்ளும். அப்படியே இழுத்தால் டயர் தேய்ந்து நாசமாகும். வெளியிலிருந்து காற்றுக் குழாய் கொடுக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு பிரேக் அறையிலும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைக் கையால் பின்வாங்கச் செய்ய வேண்டும். அடுத்தது புரொப்பெல்லர் ஷாஃப்ட். பின்சக்கரம் தரையில் உருள இழுக்கும்போது அது கியர்பெட்டியின் வெளித்தண்டைச் சுழற்றும். எஞ்சின் அணைந்திருப்பதால் உள்ளே எண்ணெய் ஓட்டம் சரியாக இருக்காது. சில கிலோமீட்டரில் கியர்பெட்டி வெந்துவிடும். அதனால் இழுப்பதற்கு முன் கீழே படுத்து ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். இத்தனையும் தெரிந்த மெக்கானிக் வேண்டும், கனரகக் கிரேன் வேண்டும், பாரம் இருந்தால் அதை இறக்கவோ மாற்றவோ வேண்டும். மூன்று அச்சு லாரி ஒன்று பாரத்தோடு 28.5 டன் வரை இருக்கலாம் என்று 2018 ஜூலையில் வரம்பு உயர்த்தப்பட்டது. அந்த எடையை ஜி.எஸ்.டி. சாலையின் காலை நெரிசலில் யாரும் ஆசைப்பட்டு இழுக்க மாட்டார்கள்.

எனவே லாரிக்காரருக்கு வருவது பெரும்பாலும் வேறு உருவத்தில் வரும். சக்கரப் பூட்டு. அல்லது கைபேசியில் எண் பலகையைப் படமெடுத்து அனுப்பும் இ-சலான். சலானைக் கட்டாமல் விட்டுவைத்தால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கப் போகும் நாளில் கணினித் திரையில் முன்னால் வந்து நிற்கும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, தப்பிக்க வழியில்லை. இழுத்துப் போனாலோ பூட்டுப் போட்டாலோ இன்னொரு நெருக்கடியும் சேரும். சரக்கோடு இருக்கும் இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது 2021 ஜனவரி முதல் உள்ள கணக்கு. வண்டி நிற்கும்போதும் அந்தக் கடிகாரம் நிற்காது. காலாவதியானால் வழியில் மடக்குகிற வரி அதிகாரிக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். 500 ரூபாய் அபராதம் என்று காகிதத்தில் படிக்கிறவருக்கு ஒரு நடை போன வாடகையும், வாங்கிய லோடு கைமாறிப் போனதும், மாதத் தவணை தள்ளிப்போனதும் தெரியாது.

இவ்வளவு சொன்னதால் லாரிக்காரர் பக்கமே நியாயம் முழுவதும் இருப்பதாக நான் எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருட்டில் சாலையோரம் நிற்கும் லாரி ஆளைக் கொல்லும். இதில் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வராது.

2023 செப்டம்பர் 11 அதிகாலை. திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையில் சுற்றுலா போய்த் திரும்பிய வேன் ஒன்று பஞ்சராகி நின்றது. ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்து மக்கள். ஊர் வந்துசேர இன்னும் கொஞ்ச தூரம்தான். பயணிகள் இறங்கி, வண்டிக்கு முன்னால் சாலை நடுத் தடுப்பில் உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து வந்த லாரி நின்ற வேனில் மோதியது. வேன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பெண்கள் இறந்துபோனார்கள். அங்கே நின்றது வேன், மோதியது லாரி. அஸ்தினாபுரத்தில் நிற்பது லாரி, மோதப்போவது பால் பாக்கெட் எடுக்கப் போகும் டி.வி.எஸ். 50. இடம் மாறினாலும் நடப்பது ஒன்றுதான்: ஓடும் சாலையில் நிற்கும் ஒரு பொருளை ஓட்டிவருகிறவர் கண் நேரத்தில் கண்டுகொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் இந்தியாவில் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இவற்றில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளால் நேர்ந்தவையே மிகப் பெரும்பகுதி. ஆனால் நின்ற வண்டியால் நேர்வதற்குத் தனியான ஒரு கொடுமை உண்டு. அதைத் தவிர்க்க ஓட்டும் திறமை ஒன்றும் தேவையில்லை, வண்டி அங்கே இல்லாமல் இருந்தால் போதும்.

நீதிமன்றங்கள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகச் சொல்லிவருகின்றன. நெடுஞ்சாலை நடுவில் எச்சரிக்கை விளக்கோ அடையாளமோ இல்லாமல் விட்டுப்போன டிரெய்லர் லாரியில் கார் மோதிய கர்நாடக வழக்கு ஒன்றில், காரோட்டியவர் மேலும் பாதிப் பழி என்று கீழே முடிவாகியிருந்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லாரியை அப்படி விட்டதுதான் காரணம் என்றது. அதற்கு முன்பு 2018-லும், சாலையில் விளக்கில்லாமல் நின்ற எரிவாயு டேங்கரில் மோதிய காரின் வழக்கில், பழியைப் பாதியாகப் பிரித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்றியது. நிற்கிற வண்டி சும்மா நிற்கவில்லை, சட்டத்தின் முன் அது ஒரு செயல் என்பதே இந்தத் தீர்ப்புகளின் பொருள். ஒற்றை லாரி வைத்திருப்பவர் இதை நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். 500 ரூபாய் சலான் அவருக்கு இருக்கும் ஆபத்துகளில் மிகச் சிறியது.

நிற்கும் வண்டி கண்ணுக்குத் தெரிய என்னென்ன வேண்டும் என்பதையும் விதிகள் விட்டுவைக்கவில்லை. வண்டி நின்றபோதும் எரியக்கூடிய நிறுத்த விளக்குகள், பின்புறம் சிவப்பு ஒளிரும் பட்டை, முக்கோண எச்சரிக்கைப் பலகை, சிறு வண்டிகள் அடியில் புகுந்துவிடாமல் தாங்கும் பின் தடுப்புக் கம்பி. ஊருக்குள் வரும் டிப்பர்களின் பின்புறத்தை ஒருநாள் நின்று பாருங்கள். ஒளிரும் பட்டை சேற்றுக்கு அடியில் இருக்கும். தடுப்புக் கம்பி கல் குவாரியில் இடித்து வளைந்தோ, அறுத்தெடுக்கப்பட்டோ இருக்கும். பேட்டரி இறங்கிவிடும் என்று நிறுத்த விளக்கைப் போட மாட்டார்கள். இதற்கெல்லாம் இடமில்லாமையைக் காரணம் காட்ட முடியாது. துணியை நனைத்து அந்தப் பட்டையைத் துடைக்க இரண்டு நிமிடம் ஆகும்.

இன்னொன்று, கல். சக்கரம் உருளாமலிருக்க அடியில் ஒரு கல்லோ கட்டையோ வைப்பது நல்ல பழக்கம்தான். 126-ஆம் பிரிவு கேட்பதும் அதுதான். ஆனால் விடிகாலை வண்டி கிளம்பும்போது கல்லை ஏறி இறங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். கல் சாலையிலேயே கிடக்கிறது. அரை மணி கழித்து விளக்கு மங்கிய ஒரு சைக்கிளோ ஸ்கூட்டரோ அதன்மேல் ஏறுகிறது.

தெருவில் குடியிருப்பவர்களின் குறைகளும் கற்பனை அல்ல. வடிகால் மூடிப் பலகை லாரிச் சக்கரத்தில் உடைந்தால் மாற்ற மாதங்கள் ஆகும், அதுவரை அந்தப் பள்ளம் திறந்தே கிடக்கும். மெல்லிய தார் போட்ட உள்சாலை இந்த எடைக்கு அமைத்ததல்ல. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கைக்கொள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது: அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. மூன்றரை மணிக்கு எஞ்சினைப் போட்டுக் காற்று ஏற வைக்கும் பத்து நிமிடமும் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். லாரிக்கும் மதில் சுவருக்கும் இடையில் விழும் இருட்டைத் தாண்டி, டியூஷன் முடிந்து தனியாக வருகிற பெண்பிள்ளை நடக்கத் தயங்குவாள். புகார் கொடுக்கிறவர்களை ஏழையின் பிழைப்பில் கைவைக்கிறவர்கள் என்று பேசுவது தவறு.

ஒரே தெருவில் இரண்டு நியாயங்கள் இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போது, மூன்றாவதாக ஒருவர் செய்யாமல் விட்ட வேலை அதற்குப் பின்னால் இருக்கும். அது என்ன வேலை என்று நம் ஊர்ப் பெயர்களே சொல்லும்.

வண்டிப்பேட்டை. தமிழ்நாட்டில் பழைய சந்தை ஊர் எதை எடுத்தாலும் இந்தப் பெயரில் ஒரு தெருவோ திடலோ இருக்கும். மாட்டு வண்டிகள் சரக்கோடு வந்து இறங்கி, மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, வண்டிக்காரர் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும் இடம். கிணறும் மர நிழலும் அதன் பகுதி. ஊருக்குள் மாட்டு வண்டிகள் தெருவை அடைக்காமலிருக்க ஊரே செய்துவைத்த ஏற்பாடு அது. பேட்டைக் கட்டணம் வாங்கினார்கள். கட்டணம் வாங்கினவர் இடத்தைப் பராமரித்தார்.

இந்தப் பழைய புத்தி நம் உள்ளாட்சிச் சட்டங்களுக்குள்ளும் வந்து சேர்ந்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வண்டிப்பேட்டை பற்றி ஒரு பிரிவு உண்டு. ஊராட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம், கட்டணம் வசூலிக்கலாம். வண்டிப்பேட்டை என்றால் மோட்டார் வண்டிகள் உட்பட எல்லா வகை வண்டிகளும் நிற்கும் இடம் என்றே அது விளக்கம் தருகிறது. அப்படி ஓர் இடம் அமைத்த பிறகு, அதிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் சாலையோரங்களில் வண்டி நிறுத்துவதை ஊராட்சி தடைசெய்யலாம். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் இடம், பிறகு தடை. தடைக்கு உரிமை இடம் தந்ததிலிருந்து பிறக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த முடிச்சு அவிழ்ந்துபோயிற்று. 117 தனியாகவும் 127 தனியாகவும் ஆகிவிட்டன. இடம் குறிக்காமலே இழுத்துப்போக முடிகிறது.

ஜப்பான் இந்த முடிச்சை வேறு விதமாகப் போட்டது. 1962-இல் வந்த சட்டப்படி, வண்டியை வைக்கச் சாலைக்கு வெளியே இடம் உண்டு என்று காட்டினால்தான் வண்டி வாங்க முடியும். சாலையை வண்டிக் கொட்டகையாக்குவது குற்றம். ஒரே இடத்தில் 12 மணி நேரத்துக்கு மேல், இரவானால் 8 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. நம் சட்டத்தின் 10 மணி நேரமும் அதன் 8 மணி நேரமும் பார்வைக்கு உறவுக்காரர்கள் போல இருந்தாலும், அங்கே அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடம் எழுத்தில் இருக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதலில் வண்டியை இழப்பவர் ஒற்றை லாரிக்காரராகத்தான் இருப்பார். நகராட்சியே இடம் தராமல் அவரிடம் இடச்சான்று கேட்பதை நான் ஏற்க மாட்டேன்.

சென்னைப் பெருநகரில் இடம் தந்த முன்னுதாரணமே இல்லையா என்றால், உண்டு. ஜார்ஜ் டவுனின் லாரி நெரிசலைக் குறைக்க மாதவரத்தில் ஏறத்தாழ 100 ஏக்கரில் சரக்குந்து முனையம் அமைத்தது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஆனால் அது வடக்கு வாசல். புக்கிங் ஆபீஸ்களுக்கும் வெளிமாநில லாரிகளுக்கும் ஏற்றது. அஸ்தினாபுரத்திலிருந்து 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும் மாதவரத்தில் வண்டியை விட்டுவிட்டு, இரவு பன்னிரண்டுக்கு வீட்டுக்கு எப்படி வருவது? திரும்ப மூன்று மணிக்கு எதில் போவது? ஸ்டெப்னி, பேட்டரி, டீசல் மூன்றும் திருட்டுப் போகும் என்ற பயம் வேறு. வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று அவர் நினைப்பதற்கு இதெல்லாம் காரணம்.

இன்னும் பக்கத்தில், இன்னும் அண்மையில் ஒரு கதை நடந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். 2024 ஜனவரி 24-க்குப் பிறகு ஆம்னி பேருந்துகள் நகருக்குள் வரக் கூடாது, கிளாம்பாக்கத்திலிருந்தே கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. எங்கள் பணிமனைகள் கோயம்பேட்டில் இருக்கின்றன, பகலெல்லாம் வண்டியை எங்கே நிறுத்துவது என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். பிப்ரவரியில் வந்த இடைக்கால உத்தரவு, போரூரிலும் சூரப்பட்டிலும் பயணிகளை ஏற்றி இறக்கவும் கோயம்பேட்டுப் பணிமனைகளைப் பயன்படுத்தவும் வழிவிட்டது. வெளிவட்டச் சாலையை ஒட்டி முடிச்சூரில் சுமார் 5 ஏக்கரில் ஆம்னி பேருந்து நிறுத்துமிடம், ஓட்டுநர்கள் படுக்க அறைகளோடு, தடை வந்த பின்புதான் பயன்பாட்டுக்கு வந்தது. வரிசை இங்கும் தலைகீழ்தான். ஆனாலும் இடம் வந்தது. காரணம், கேட்கச் சங்கம் இருந்தது, வழக்காட வசதி இருந்தது, பொங்கல் விடுமுறைக் கூட்டம் செய்தியானது. எம்-சாண்ட் லாரியும் தண்ணி லாரியும் கழிவுநீர் லாரியும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் குரல் இல்லை. கட்டடமும் குடிநீரும் வேண்டிய தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளும் அந்த வண்டிகளை நம்பியிருக்கின்றன. பகலில் அவை வர வேண்டும் என்று காத்திருக்கிறோம், இரவில் அவை நம் தெருவில் இருக்கக் கூடாது என்கிறோம்.

ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று வகுத்தது. ஆனால் 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவர் அதன் வேலிக்கு வெளியில் இருந்தார். அமெரிக்காவில் ஓட்டுநருக்குக் கட்டாய ஓய்வு நேரம் உண்டு. அங்கும் நிறுத்த இடம் போதவில்லை. 2009-இல் சரக்கு இறக்க வேண்டிய இடத்துக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்ட ஓர் ஓட்டுநர், வேறு இடமில்லாமல் கைவிடப்பட்ட பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்திக் காத்திருந்தபோது வழிப்பறியில் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடாமல் போராடியதில் 2012-இல் அவர் பெயராலேயே 'ஜேசன் சட்டம்' வந்தது. லாரி நிறுத்த இடங்களுக்குப் பணம் ஒதுக்கவும், எத்தனை இடம் பற்றாக்குறை என்று மாநிலம்தோறும் அளந்து சொல்லவும் அது வகைசெய்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவது பகுதி. அளப்பது. எந்த ஊரில் இரவு எத்தனை லாரி நிற்கிறது, எத்தனைக்கு இடம் இருக்கிறது என்று எண்ணியவர்கள்தான் திட்டம் போட முடியும்.

அஸ்தினாபுரத்தில் அதை எண்ணுவது பெரிய காரியமல்ல. இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு வாரம். இரவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை ராஜேந்திர பிரசாத் சாலை தொடங்கி நெமிலிச்சேரி, செம்பாக்கம் வரை நடந்தால் எத்தனை டிப்பர், எத்தனை டேங்கர், எத்தனை குட்டியானை, அவற்றில் எத்தனை இந்த ஊர்க்காரர்களுடையவை என்று தெரிந்துவிடும். குட்டியானைகளைக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிடலாம், அவை வீட்டோரம் அடங்கும். மிச்சம் இருக்கும் பெரிய வண்டிகள் எத்தனையோ அத்தனைக்குத்தான் பேட்டை.

இடம் எங்கே என்ற கேள்விக்கு எளிதான பதிலாக எல்லோரும் ஏரிப் பக்கம் கைகாட்டுவார்கள். அது மட்டும் கூடாது. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளின் கரையில் லாரி நின்றால் அடியில் சொட்டும் எஞ்சின் ஆயில் அடுத்த மழையில் நீருக்குள் போகும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் நீர்நிலையை நிரவிச் சமதளமாக்கும் யோசனையை யாரும் வாய்திறந்து சொல்லக் கூடாது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்தில் நிலம் எடுத்திருக்கிறார்கள். நெடுந்தூர லாரிகளுக்கான பெரிய பேட்டை அதன் ஓரத்தில் வரலாம். ஊர் லாரிகளுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். இரவில் மூடிக்கிடக்கும் அரசு வளாகங்கள் இருக்கின்றன. பத்து வருடமாக வேலி போட்டுச் சும்மா கிடக்கும் தனியார் மனைகள் இருக்கின்றன. தனியார் வண்டிப்பேட்டைக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வாங்கும் பழக்கம் நம் நகராட்சிகளுக்குப் புதிதல்ல. அரை ஏக்கரில் சரளை கொட்டி, ஒரு விளக்குக் கம்பம், ஒரு காவலாளி, ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய் வைத்தால், லாரிகள் வரிசையாகத் திரும்பவும் இடம்விட்டுப் பத்துப் பன்னிரண்டு வண்டி நிற்கும். இரவுக்கு 50 ரூபாயோ 100 ரூபாயோ கேட்டால் கொடுக்க லாரிக்காரர் யோசிக்க மாட்டார். ஒரு ஸ்டெப்னியின் விலை அவருக்குத் தெரியும்.

அந்தப் பேட்டை திறந்த மறுநாளிலிருந்து பெரிய சாலையோரம் நிற்கும் லாரிக்குக் காவலர் பூட்டுப் போடட்டும், கிரேன் கொண்டுவந்து ஷாஃப்டைக் கழற்றி இழுத்துக்கொண்டும் போகட்டும். நான் அதை ஆதரித்தே எழுதுவேன். அதுவரை மாநகராட்சியும் காவல் துறையும் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், சாலை வளைவு இவற்றை விட்டுத் தள்ளி, தெருவிளக்கு நன்றாக எரியும் சில இடங்களை 117-ஆம் பிரிவின்படி தேர்ந்து, 'இரவு 10 முதல் காலை 5 வரை சரக்கு வண்டிகள்' என்று பலகை எழுதி, மஞ்சள் கோடு போட்டுக் கொடுப்பது. கோட்டுக்குள் நிற்கிறவர் பின்பட்டையைத் துடைத்திருக்கிறாரா, நிறுத்த விளக்கு எரிகிறதா, வைத்த கல்லை எடுத்துவிட்டுப் போகிறாரா என்று ரோந்துக் காவலர் பார்த்துக்கொண்டால் போதும்.